தாமதத்துக்குக் காரணம்

ஆறு மணிக்கு ஞானதாஸ் மதகுக்குப் போனான். சுவரில் பதித்திருந்த இரும்புப் பட்டையில் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று குனிந்து பார்த்தான். பதினோரு அடி இரண்டு அங்குலம். சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொண்டான். சேலத்துக்குக் குடிதண்ணீர் போகிற ஏரி அது. பனமரத்துப்பட்டி ஏரியின் ஆழத்தைத் தினம் இரண்டு வேளை அளந்து எழுதி அனுப்ப ஒரு பி.ஏ. தேவையில்லைதான். ஆனால் அந்த முப்பத்தாறாம் வருஷத்தில் பி.ஏ.க்கள் சுலபமாகக் கிடைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து பல் துலக்கினான். கிணற்றில் ஆறு வாளி இறைத்தான். அடுப்பை மூட்டி நொய்க் கஞ்சி வைத்தான். துணியில் வடிகட்டி, ஆற்றி, உப்புப் போட்டு, கட்டிலுக்கு எடுத்துப்போனான். மனைவி தெரசம்மாள் மூன்று கரண்டி குடித்தாள். நாலாவது கரண்டிக்கு வாயை மூடிக்கொண்டாள். அவன் அவள் உதட்டைத் துடைத்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தான். இருபது நாளாக இதே வரிசைதான். விஷக்காய்ச்சல் இருபத்தொரு நாள் தாண்டிவிட்டால் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மாமியார் ஆரோக்கியம் விடியும்போதே வண்டி கட்டச் சொல்லிப் புறப்பட்டுவிட்டாள். ஏழு மைல் தள்ளிக் கோயில். சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசிச் செபிக்கிற அவஸ்தைப் பூசுதலை மகளுக்குக் கொடுக்கச் சாமியாரைக் கூட்டிவர வேண்டும்.

"மாப்ள, அது குடுத்துட்டா என் மனசு அடங்கிரும். குடுத்த பொறகு எத்தனையோ பேரு எந்திரிச்சு நடமாடியிருக்காங்க" என்றாள் வண்டியில் ஏறிக்கொண்டே.

"சரிங்க அத்தை."

"நான் வர்ற வரைக்கும் அவ காதுல செபம் சொல்லிக்கிட்டே இருங்க. சேசு மரி சூசைங்கற மூணு நாமமும் அவ வாயில இருக்கோணும். கடைசியில அது வாயில இருந்தாப் போதும், ஆத்துமா தப்பிச்சுக்கும். மறந்துராதீங்க சாமி."

அவன் மறக்கவில்லை. கட்டில் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, குனிந்து இரண்டு தடவை சொன்னான். வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலாக இருந்தது. அவனுக்கே கூச்சமாகி நிறுத்திவிட்டான். தெரசம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். கை அடுப்புக்கல் மாதிரி சுட்டது.

பத்து மணி சுமாருக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தான். மாரக்காள் நின்றிருந்தாள்.

தெரசம்மாள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். மாரக்காள் அந்த வகுப்பில் படித்த, அல்லது படிக்காத, பதினோரு வயதுப் பெண். அவளைப் பற்றி ஞானதாசுக்குத் தன் சொந்தத் தங்கையைப் பற்றித் தெரிந்ததைவிட அதிகமாகத் தெரியும். சாக்குக்கட்டிப் பெட்டிக்குள் நண்டைப் போட்டவள். ஹெட்மாஸ்டர் அருணகிரியின் குடையை வேப்பமரத்து உச்சியில் விரித்துக் கட்டி, மூன்று நாள் யாருக்கும் தெரியாமல் அதற்கு நிழல் கொடுத்தவள். பக்கத்துப் பையனின் காதைக் கடித்துவிட்டு, உப்பு இருக்கிறதா என்று பார்த்ததாகச் சொன்னவள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாளும் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் வராதவள்.

அருணகிரி ஒரு சட்டம் வைத்திருந்தார். தாமதமாக வருகிற பிள்ளையின் பெயரையும் தாமதத்துக்குக் காரணத்தையும் வகுப்பு டீச்சர் ஒரு நோட்டில் எழுத வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்தால் காட்ட வேண்டும். மற்ற டீச்சர்கள் 'உடம்பு சரியில்லை' என்று எழுதி முடித்துவிடுவார்கள். தெரசம்மாள் மாரக்காள் சொன்னதைச் சொன்னபடியே முத்து முத்தாக எழுதினாள்.

'பாலத்தின்மேல் ஒரு ஆமை குறுக்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப மனம் வரவில்லை.'

'அப்பன் விடிகாலையில் ஒரு நல்ல கனவு கண்டுகொண்டிருந்தான். அது முடியும்வரை வீட்டில் யாரும் அசையக் கூடாது என்று அம்மாள் சொல்லிவிட்டாள்.'

'வெள்ளாட்டுக்குச் சேலம் பார்க்க ஆசை வந்துவிட்டது. பாதி வழி கொண்டுபோய், அங்கிருந்து கோட்டை தெரிகிறது என்று பொய் சொல்லித் திருப்பிக் கூட்டிவந்தேன்.'

போன வருஷம் இன்ஸ்பெக்டர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அருணகிரிக்கு வேர்த்து ஊற்றியது.

"இது என்னம்மா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"காரணமுங்க. எழுதோணும்னு ரூல்" என்றாள் தெரசம்மாள்.

அவர் எழுந்து போகும்போது, அந்தப் பெண் எங்கே, கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டாராம். அவள் அன்றைக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

இதையெல்லாம் தெரசம்மாள் சாயங்காலம் வந்து சொல்வாள். வரும்போது முகம் கடுகடுவென்று இருக்கும். பையை மூலையில் எறிவாள்.

"நாளைக்கு அவ மூஞ்சியில முழிச்சா என்னை என்னான்னு கேளுங்க. நாற்பது புள்ளைங்க ஒழுங்கா ஒக்காந்திருக்குது. இவ ஒருத்தி வந்து நுழைஞ்சா, நாற்பதும் கொரங்கா மாறிருது."

"பேரை அடிச்சுட வேண்டியதுதானே?"

"அடிக்கத்தான் போறேன். நாளைக்கே."

கால் கழுவ வாசலுக்குப் போவாள். சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும். பிறகு நின்றுபோகும். எட்டிப் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருப்பாள்.

"இன்னிக்கு என்ன சொன்னா தெரியுமாங்க?"

அப்புறம் சோறு ஆறிப்போகும்வரை மாரக்காள்தான்.

ஒரு தடவைதான் அவளைப் பிரம்பால் அடித்திருக்கிறாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பிடாமல் படுத்துவிட்டாள். "நல்ல புள்ளைங்களை அடிச்சா அழுவுது, மறந்துருது. இவ அழுவ மாட்டேங்கறாங்க. உள்ளங்கையைப் பாத்துட்டு, 'கோடு நேரா உழுந்திருக்குதுங்க டீச்சர்'ங்கறா. நான் என்னங்க பண்றது அவளை?" என்றாள் இருட்டில்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் தெரசம்மாள் ரோட்டுப் பக்கம் போக நேர்ந்தது. அங்கே ரோட்டுக்கு ஜல்லி உடைக்கிறவர்களுக்கு நடுவில் மாரக்காளின் அம்மா அங்காளம்மாள் உட்கார்ந்திருந்தாள். மாரக்காள் கூழ்ச்சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு மைல். இறக்கி வைத்துவிட்டு, அம்மாவின் சம்மட்டியை வாங்கி, அவள் குடித்து முடிக்கிறவரை கல் உடைத்தாள். பிறகு பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடினாள். அன்றைக்கு நோட்டில் எழுதின காரணம், ஏரியில் ஒரு மீன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது என்பது.

"கேட்டிருக்கலாமே, நெஜத்தை?" என்றான் ஞானதாஸ்.

"கேட்டாச் சொல்லிருவா. சொல்லிட்டா நான் பாவப்படுவேன். அது அவளுக்குப் புடிக்காது. அதுக்குத்தாங்க மீனு." விளக்கைத் தூண்டிவிட்டு, "நானும் பாத்ததைக் காட்டிக்கல" என்றாள்.

அந்த மாரக்காள்தான் இப்போது வாசலில் நின்றாள். தலை எண்ணெய் கண்டு பல நாளாகியிருந்தது. பாவாடையெல்லாம் கல்தூசி.

"ஏனுங்க சார், டீச்சரம்மாளைப் பாக்கோணுங்க. ஏன் வந்தேன்னா, நேத்து எங்கூட்டுச் செவலை ஆடு இருக்குதுங்கல்ல, அது திடீர்னு..."

"இப்ப முடியாதும்மா. உன் கதையெல்லாம் அப்புறம் வந்து சொல்லு" என்றான். கதவைச் சாத்தினான்.

திரும்பியபோது தெரசம்மாள் கண்ணைத் திறந்திருந்தாள். இரண்டு நாளாக அந்தக் கண்ணில் அவனைத் தெரிந்த அடையாளம் இல்லை. இப்போது இருந்தது. அவனைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பேசினாள். தெளிவாகத்தான் பேசினாள். அவனுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

அவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினான். வாசலில் யாரும் இல்லை. தெருவில் இல்லை. கரைமேல் ஏறி இரண்டு பக்கமும் பார்த்தான். மாரக்காளைக் காணோம். பேர் சொல்லிக் கூப்பிட்டான். கரையில் மேய்ந்த ஒரு எருமை தலையைத் தூக்கிப் பார்த்தது. பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்காது. திரும்பி உள்ளே வந்தான். தெரசம்மாள் அதே மாதிரி கதவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் போய்விட்டிருந்தாள்.

அவன் அவள் கண்ணை மூடினான். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. போய் இறக்கி வைத்தான். அடுப்பு மேடையைத் துடைத்தான். பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை.

*

உச்சிவேளைக்கு ஆரோக்கியத்தின் வண்டி வந்தது. சாமியார் ஆத்தூர்ப் பக்கம் போய்விட்டாராம். சாமியார் இல்லாதபோது செபம் சொல்லிவைக்கிற உபதேசியார் மட்டும் சிலுவையை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வாசலில் பெண்கள் நிற்பதைப் பார்த்ததும் ஆரோக்கியத்துக்குத் தெரிந்துவிட்டது.  மகளின் காலடியில் விழுந்து அழுது தீர்த்தாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக மருமகனிடம் வந்தாள்.

"மாப்ள, அவஸ்தைதான் இல்லாமப் போச்சு. கடைசியில என்ன சொன்னா? மூணு நாமமும் சொன்னாளா?"

அவள் கண்களை அவனால் பார்க்க முடியவில்லை. தெரசம்மாள் சொன்னதில் சேசு இல்லை, மரியும் இல்லை, சூசையும் இல்லை. அதைச் சொன்னால், கடைசி நிமிஷத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும்.

"சொன்னாங்க அத்தை" என்றான்.

"மூணுமா?"

"மூணுந்தான்."

"எப்படிச் சொன்னா? சிலுவையைப் பாத்தாளா? கண்ணுல தண்ணி வந்துச்சா?"

"சொன்னாங்க" என்றான் மறுபடியும்.

ஆரோக்கியம் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். "சரிங்க" என்று போய் உட்கார்ந்தாள். ஆனால் நம்பவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை யாரையாவது விட்டுக் கேட்டாள். உபதேசியார் வந்து கேட்டார். பக்கத்து வீட்டு முத்தாயம்மாள் வந்து, "தப்பா நெனைக்காதீங்க, பெத்தவ மனசு" என்று சொல்லிவிட்டுக் கேட்டாள். அவன் எல்லாரிடமும் அந்த ஒரே சொல்லைச் சொன்னான். பி.ஏ. வரைக்கும் படித்திருந்தும் ஒரு பொய்யை உருப்படியாகச் சொல்ல வரவில்லை. பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்து, "சேசு மரி சூசையே" என்று முறை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெருவோரமாகத் தச்சர் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். இருட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும்.

மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அருணகிரி வந்தார். இரண்டு இரண்டு பேராக வரிசை. ஒவ்வொரு கையிலும் ஒரு அரளிப் பூ. ஒழுங்காக வந்தார்கள், ஒழுங்காகப் பூவைப் போட்டார்கள். ஒழுங்காக அழுதார்கள். அருணகிரி வாசலில் நின்று தலைகளை எண்ணினார். எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணினார்.

"யாரு இல்ல?"

"மாரக்காங்க சார்" என்றன நாலைந்து குரல்கள்.

"அதானே!" என்றார். குரல் தழுதழுத்தது. கோபமா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. "அந்தம்மா இவளுக்காக எங்கிட்ட எத்தனை பேச்சு வாங்கியிருக்கும். இன்னிக்குக் கூட இந்தக் கழுதைக்கு நேரத்துக்கு வரத் தெரியல."

"நான் காத்தாலயே வந்துட்டனுங்க."

வீட்டுக்குப் பின்பக்கத்துச் சந்திலிருந்து மாரக்காள் வந்து நின்றாள். முழங்காலில் மண். கன்னத்தில் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"பொய்யி" என்றார் அருணகிரி. "செத்த ஊட்டுலயுமாடி?"

"பொய்யில்லைங்க. சார் அப்புறம் வான்னாருங்க. போயிட்டு வந்தா நேரமாயிரும்னு, பின்னால சன்னலுக்குக் கீழயே ஒக்காந்துட்டனுங்க. பத்து மணியிலிருந்து அங்கதாங்க இருக்கறேன்."

வரிசையில் ஒரு பையன் சிரித்துவிட்டான். அருணகிரி கையை ஓங்கினார். அதற்குள் உள்ளேயிருந்து ஆரோக்கியம் எழுந்து வந்துவிட்டாள்.

"சன்னலுக்குக் கீழயா இருந்தே? பத்து மணிக்கு?"

"ஆமாங்காத்தா."

"என் மக பேசுனது கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

ஞானதாஸ் தூணைப் பிடித்துக்கொண்டான். மாரக்காளுக்குப் பக்கத்தில் போக நினைத்தான். அதற்குள் ஆரோக்கியம் மண்ணில் குந்தி உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"என்ன கண்ணு சொன்னா? நெசத்தைச் சொல்லு சாமி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

மாரக்காள் அவளைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி ஞானதாசைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். கணக்குப் போடுகிற பிள்ளை பலகையைப் பார்க்கிற மாதிரி இருந்தது அது. உள்ளே பெண்கள் அந்த மூன்று பெயர்களையும் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"சேசு மரி சூசைன்னு சொன்னாங்காத்தா" என்றாள்.

ஆரோக்கியத்தின் வாய் கோணியது. "எத்தனை தடவை?"

"மூணு வாட்டிங்க. மொத வாட்டி மெதுவா. ரண்டாவது வாட்டி, நாங்க பாடம் படிக்கறப்ப சத்தமாப் படின்னு சொல்லுவாங்கல்லங்க, அந்த மாதிரி அவுங்களே சத்தமா. மூணாவது வாட்டி சொல்றப்ப ஓட்டுமேல இருந்து ஒரு அணில் எறங்கி சன்னல்ல வந்து ஒக்காந்துச்சுங்க. அதுக்கு வால்ல பாதி இல்லீங்க. டீச்சரம்மா அதைப் பாத்துச் சிரிச்சாங்க. அது ஓடவே இல்லீங்க, கையைக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருச்சு. எங்கம்மா சாமியாரைக் கூப்புடப் போயிருக்குது, அதுக்கு எம்மேல அத்தனை உசுருன்னு அணில்கிட்டச் சொன்னாங்க. அப்புறம் சிரிச்சமானிக்கே கண்ணை மூடிக்கிட்டாங்க."

 அருணகிரியின் ஓங்கிய கை எப்போது கீழே இறங்கியதென்று யாரும் பார்க்கவில்லை.

"அணிலு எந்தப் பக்கமா வந்துச்சு கண்ணு?" என்று கேட்டாள் ஆரோக்கியம்.

"கோயில் பக்கமிருந்துங்க."

ஆரோக்கியம் அவள் தலையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து அழுத அழுகை வேறு, இது வேறு. அழுது முடித்து எழுந்து, முந்தானையால் மாரக்காளின் கன்னத்துச் சுண்ணாம்பைத் துடைத்துவிட்டாள். "கேட்டீங்களா, வால் இல்லாத அணிலாம்" என்று முத்தாயம்மாளிடம் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். போகும்போது ஞானதாசின் கையை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனாள்.

பெட்டி வந்தது. உள்ளே ஆணி அடிப்பதற்கு முன்னால் எல்லாரையும் ஒரு தடவை பார்க்கச் சொன்னார்கள். கூட்டம் உள்ளே நெருக்கியது. ஞானதாஸ் வெளியே சந்துக்குள் போனான். மாரக்காள் சன்னலுக்குக் கீழே தனியாக நின்றிருந்தாள். அந்த இடத்தில் புல் ஒரு ஆள் அளவுக்கு நசுங்கிக் கிடந்தது.

"நான் தெருவுல உன்னைத் தேடுனேன்" என்றான்.

"கூப்பிட்டது கேட்டுச்சுங்க. நீங்க போட்ட சத்தத்துல அடிக்கத்தான் கூப்பிடறீங்கன்னு நெனைச்சேன்."

அவன் தலையை ஆட்டினான். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.  நம்பிக் கேட்பதற்கு உலகத்தில் இந்த ஒருத்திதான் இருந்தாள்.

"நான் வெளிய போன பொறகு... அவங்க வேற ஏதாச்சும் சொன்னாங்களா? என்னைக் கூப்பிட்டாங்களா?"

மாரக்காள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கால் விரலால் புல்லை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க" என்றாள்.

அவன் காத்திருந்தான். அவள் அதற்கு மேல் எதையும் சேர்க்கவில்லை.

"உங்ககிட்டச் சொன்னதுதானுங்க. அதுக்கு அப்புறம் ஒண்ணும் பேசல."

உள்ளே முதல் ஆணி இறங்கியது. அவள் திடுக்கிட்டு அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சன்னலுக்குக் கீழே நின்றார்கள். கட்டில் இருந்த இடம் அங்கிருந்து இரண்டு முழம்கூட இருக்காது. காலையில், கதவைச் சாத்திவிட்டு அவன் திரும்பியபோது, அந்த இடத்திலிருந்து தெரசம்மாள் சொன்னாள்:

"ஏனுங்க, அவளை உள்ள விடுங்க. பொய்தான் சொல்லுவா. முழுசாக் கேட்டுட்டு அனுப்புங்க."